கத்தி, அரிதாரம், சர்க்கரைப்பாகு

டிஸ்கி: விஷயம் கொஞ்சம் ஒரு மாதிரி. ஆனா ஒரு மாதிரியா எழுதப் போறதில்லை. அந்தரங்க முடியை எடுக்கிற பழக்கத்தோட சரித்திரம், அவ்வளவுதான். மூஞ்சியைச் சுளிக்கிறவங்க இங்கேயே எஸ்கேப் ஆகிக்கலாம், வருத்தமில்லை. மத்தவங்க வாங்க.

முதல்ல கொசுவத்தி.

2019. எங்க அக்காவுக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்ததும் பிள்ளையார்பட்டியில இருந்து கார் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனோம். எந்த ஊரு, எந்த ஆஸ்பத்திரிங்கிறதெல்லாம் வேண்டாம். வலியோட உள்ள போனவளை முதல் வேலையா ஒரு திரைக்குப் பின்னாடி படுக்க வச்சு, பிளேடால வழிச்சு விட்டுட்டாங்க. கேக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. "இதைக்கூட வீட்டுலயே சுத்தம் பண்ணிட்டு வரத் தெரியாதா?"ன்னு ஒரு திட்டு வேற. அங்கங்க கீறல். அப்புறம் முடி குத்திட்டு வளர ஆரம்பிச்சதும் பத்து நாள் அரிப்பு. தையல் வலியோட இதுவும் சேர்ந்துக்கிச்சு.

பிரசவ வலியைப் பத்தி அக்கா இன்னைக்கும் சிரிச்சுக்கிட்டே பேசுவா. அந்தத் திட்டைப் பத்திப் பேச்சு வந்தா மட்டும் முகம் மாறிடும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பத்தாகிட்ட சொன்னோம். வெத்தலையை மடிச்சுக்கிட்டே அது சொன்னது இது: "என்னடி இது கூத்தா இருக்கு. எனக்கு ஆறு புள்ளை. ஆறும் இந்த வீட்டுலதான். மருத்துவச்சி வருவா, வெந்நி கேப்பா, பழந்துணி கேப்பா. கத்தி கேட்டது கொடி அறுக்க மட்டுந்தான்."

நிற்க. ரெண்டாவது கொசுவத்தி. 2023ல சித்தி பொண்ணுக்குக் கல்யாணம். காரைக்குடியில ஒரு பியூட்டி பார்லர்ல மணப்பெண் பேக்கேஜ் பேசி இருந்தாங்க. ஃபேஷியல், மெகந்தி, கை கால் வேக்சிங்னு பட்டியல் போயி, கடைசி வரியில "அந்த இடமும்". புள்ளை பயந்து போய் எனக்கு போன் பண்ணினா. "அக்கா, இது எல்லாரும் பண்ணிக்கிறதா? கட்டாயமா?" பார்லர் அக்கா என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். "சுத்தமா இருக்கும்னு சொன்னாங்க" அப்படின்னா.

அதே வார்த்தை. லேபர் வார்டுலயும் "சுத்தம்", பார்லர்லயும் "சுத்தம்". நமக்குப் பொழப்பு பொட்டி தட்டுறது. ஒரு பக் வந்தா, அந்த வரியை யாரு, எப்ப, எதுக்காக எழுதினாங்கன்னு பழைய கோடைத் தோண்டிப் பார்த்தாத்தான் தூக்கம் வரும். அப்படித் தோண்டினதுதான் இந்தப் பதிவு.

மொதல்ல ஆம்பளைங்க

இது பொம்பளைங்க சமாச்சாரம்னு நினைச்சுட்டு இருக்கோம்ல? நம்ம நாட்டுல எழுத்துல இருக்கிற பழைய குறிப்பு ஒண்ணு ஆம்பளைங்களைப் பத்தினது.

காமசூத்திரம்னதும் எல்லாருக்கும் ஒண்ணுதான் ஞாபகம் வரும். அதுல நகரத்துல வாழுற வசதியான ஆம்பளை ஒருநாளை எப்படிக் கழிக்கணும்னு ஒரு அத்தியாயம் இருக்கு. சுமார் 1700 வருஷம் பழைய புத்தகம். தினமும் குளியல், ரெண்டு நாளுக்கு ஒருக்கா எண்ணெய் தேய்ப்பு, மூணு நாளுக்கு ஒருக்கா நுரை போட்டுக் குளியல், நாலு நாளுக்கு ஒருக்கா முகச் சவரம்னு ஆபீஸ் டைம்டேபிள் மாதிரி வாத்ஸ்யாயனர் அடுக்கிட்டே போறாரு. அந்த வரிசையில கடைசியா, அஞ்சு நாளுக்கோ பத்து நாளுக்கோ ஒருக்கா இன்னொரு சவரம். 13ஆம் நூற்றாண்டுல இதுக்கு உரை எழுதின யசோதரர் அதை உடைச்சே சொல்லிட்டாரு. அது மறைவிடத்துக்கு. கத்தியால மழிச்சா அஞ்சு நாளுக்கு ஒருதரம், பிடுங்கினா பத்து நாளுக்கு ஒருதரம்.

கணக்கு சரிதானே? மழிச்சா முடி தோல் மட்டத்துல வெட்டுப்படும், சீக்கிரம் எட்டிப் பார்க்கும். வேரோட பிடுங்கினா வளர நாளாகும். இன்னைக்கு பார்லர் அக்கா "ஷேவிங்கை விட வேக்சிங் நாள் தாங்கும்மா"ன்னு சொல்றது யசோதரர் சொன்னதுதான் :-)

இதுல கவனிக்க வேண்டியது, இது ஒரு சொகுசு. காசும் நேரமும் இருக்கிற ஆளு, தானா ஆசைப்பட்டுச் செஞ்சுக்கிறது. செய்யாதவனை அழுக்குப் பயன்னு யாரும் அதுல திட்டலை.

அரிதாரத்தோட இன்னொரு வேலை

அடுத்தது வைத்தியம். சுஸ்ருத சம்ஹிதையில புண்ணை ஆத்துறதுக்கு 60 வகை சிகிச்சை சொல்லி இருக்கு. அதுல ஒண்ணு முடி நீக்குறது. எப்போ? புண்ணைச் சுத்தி முடி மண்டிக் கிடந்து, அதனால புண் ஆறாம இருந்தா. எதை வச்சு? கத்தி, கத்தரி, இடுக்கி. அது தவிர ஒரு பூச்சும் சொல்றாரு. சங்குப்பொடி ரெண்டு பங்கு, அரிதாரம் ஒரு பங்கு, புளிச்ச காடியில அரைச்சுப் பூசணும்.

அரிதாரம்னதும் நமக்குக் கூத்து ஞாபகம் வரும், சினிமா ஞாபகம் வரும். நடிகருங்க மூஞ்சில பூசுற பூச்சுக்கே அரிதாரம்னு பேரு வந்தது இந்த மஞ்சக் கல்லுல இருந்துதான். சித்த வைத்தியத்துல தாளகம்னு சொல்லுவாங்க. ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த சரக்கு. விஷம். (யாரும் வீட்டுல செஞ்சு பார்க்காதீங்க, புண்ணியமாப் போகும்.)

இது எப்படி முடியை எடுக்கும்? முடிங்கிறது கெரட்டின்னு ஒரு புரதம். அதோட இழைகளைக் கந்தகப் பாலங்கள்தான் இழுத்துக் கட்டி வச்சிருக்கு. சங்கை நீத்தினா சுண்ணாம்பு. சுண்ணாம்புக் காரத்துல அரிதாரத்துல இருக்கிற கந்தகம் சல்ஃபைடா வெளியில வந்து அந்தப் பாலங்களை உடைக்கும். முடி கூழாகி வழிச்சா வந்துரும். எங்க செட்டிநாட்டு வீட்டுச் சுவத்துல முட்டை வெள்ளைக்கருவோட சேர்த்துப் பூசுறாங்களே, அதே சுண்ணாம்புக்கு இப்படியும் ஒரு வேலை.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடுற இடத்துக்குப் போயிருக்கீங்களா? தோல்ல இருந்து முடியை எடுக்க சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போட்டு ஊற வைப்பாங்க. அதுவும் இதே வேதியியல். இன்னைக்குக் கடையில விக்கிற முடி நீக்கும் கிரீமும் அதே தத்துவம்தான். ஆர்சனிக்குக்குப் பதிலா தயோகிளைகோலேட்னு கொஞ்சம் சாதுவான சரக்கு. அந்த நாத்தம் இருக்கு பாருங்க, அது கந்தகத்தோட கையெழுத்து.

அதை விடுங்க. நான் இங்க அடிக்கோடு போட நினைக்கிறது வேற. சுஸ்ருதர் காரணம் சொல்லித்தான் முடியை எடுக்கச் சொல்றாரு. புண்ணு ஆறலைன்னா எடு. மத்தபடி அந்த முடி அழுக்குங்கிற பேச்சு அந்த இடத்துல இல்லை. இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க. 2016ல இதுக்கு ஒரு தொடர்ச்சி வரப்போகுது.

பாகு பதம்

இதே சுண்ணாம்பு - அரிதாரக் கலவை அரபு, துருக்கி பக்கத்துக் குளியல் கூடங்கள்லயும் ரொம்ப காலம் புழங்கி இருக்கு. ஆனா அந்தப் பக்கத்துல இருந்து உலகத்துக்குக் கிடைச்ச பெரிய விஷயம் சர்க்கரைப்பாகு. சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் தண்ணி. தேன் நிறம் வர்ற வரைக்கும் காய்ச்சி, கைபொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, தோல்ல ஒட்டி, வெடுக்குன்னு இழுக்கிறது. "வேக்சிங்"னு பேரு இருந்தாலும், நம்ம ஊர்ல வீட்டுல காய்ச்சுறதுல மெழுகே கிடையாது. பாகுதான்.

அதிரசத்துக்குப் பாகு வைக்கிற அம்மாவுக்கு இது ஈசியாப் புரியும். எலுமிச்சை எதுக்குங்கிறீங்களா? வெறும் சர்க்கரைப்பாகு ஆறினா பூத்துப் போயி கல்லு மாதிரி ஆயிடும். எலுமிச்சையோட புளிப்பு சர்க்கரையை உடைச்சு குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ்னு ரெண்டாப் பிரிச்சுரும். மூணும் கலந்து கிடக்கும்போது படிகம் கட்டாது. பாகு இழுவையாவே நிக்கும். எங்க அம்மாகிட்ட இதைச் சொன்னப்ப, "இதுக்கு ஒரு என்ஜினியரிங் டிகிரியா? பாகு முறிஞ்சு போகாம இருக்க எலுமிச்சை பிழியணும்னு எனக்கே தெரியும்"னாங்க. அவ்வ்வ்.

இஸ்லாத்துல இதுக்கு ஒரு ஒழுங்கே இருக்கு. நகம் வெட்டுறது, மீசையைக் கத்தரிக்கிறது இதோட சேர்த்து அந்தரங்க முடியை நீக்குறதையும் மனுஷ இயல்புக்கு உரிய சுத்தம்னு சொல்றாங்க. 40 நாளைத் தாண்டக் கூடாதுன்னு வரம்பும் உண்டு. ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, இது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி. ரெண்டு, அது அவங்கவங்க தனியா, தன் கையால செஞ்சுக்கிறது. ஆக, "சுத்தம்"ங்கிற வார்த்தையோட மூலம் ஒண்ணு இங்க இருக்கு, மறுக்கலை. ஆனா இந்தச் சுத்தத்துல திட்டு இல்லை. இன்னொருத்தர் கையில பிளேடும் இல்லை.

நாவிதரும் மருத்துவச்சியும்

நம்ம தமிழ்நாட்டுக் கிராமத்துல கத்தி யாருகிட்ட இருந்துச்சு? நாவிதர்கிட்ட. அவர் முடி மட்டும் வெட்டலை. கட்டி கீறுவாரு, புண்ணுக்கு மருந்து வைப்பாரு. அந்தச் சமூகத்துக்கு மருத்துவர்னும் பண்டிதர்னும் பேரு இருக்கிறது சும்மா இல்லை. அவங்க வீட்டுப் பெண்கள்தான் மருத்துவச்சி. 1909ல எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதியா வெளியிட்ட தென்னிந்திய சாதிகள் பத்தின புத்தகத்துலயும் இது பதிவாகி இருக்கு: ஆண்கள் சவரமும் வைத்தியமும், பெண்கள் பிரசவம்.

ஊர்ல எல்லா வீட்டுப் புள்ளையையும் தன் கையால வாங்கினவங்களை, அதே ஊரு வீட்டுக்குள்ள சமமா உக்கார வைக்கலை. இது நம்ம லட்சணம்.

நான் சொல்ல வந்தது அப்பத்தா சொன்ன அந்த வரி. சவரக் கத்தி இருக்கிற வீட்டுல இருந்துதான் மருத்துவச்சி வர்றாங்க. ஆனாலும் பிரசவத்துக்கு மழிக்கணும்னு அவங்களுக்குத் தோணலை. வெந்நி, பழந்துணி, கொடி அறுக்கக் கத்தி. அவ்வளவுதான். அந்தக் காலத்துப் பிரசவத்தை நான் தூக்கி வச்சுப் பேச வரலை. எத்தனையோ தாயும் புள்ளையும் அப்படிச் செத்துப் போயிருக்காங்க. அப்பத்தாவே ஆறுல ஒண்ணைப் பறிகொடுத்தது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியிலதான். அது பெரிய சாதனை, அதுல மாத்துக்கருத்தே இல்லை. ஆனா வார்டுக்குள்ள உயிரைக் காப்பாத்துற நூறு விஷயத்தோட, எதுக்குமே உதவாத ஒண்ணும் ஒட்டிக்கிட்டு வந்துருச்சு. அதைத்தான் அடுத்துப் பார்க்கப் போறோம்.

பிளேடு வார்டுக்குள்ள வந்த கதை

சென்னையில பிரசவத்துக்குன்னு ஆஸ்பத்திரி தொடங்கினது 1844ல. இன்னைக்கு எழும்பூர்ல இருக்கிற தாய் சேய் ஆஸ்பத்திரியோட ஆரம்பம் அதுதான். அந்தக் காலத்துல உலகம் முழுக்கப் பிரசவ வார்டுகளுக்கு ஒரே எமன், பிரசவக் காய்ச்சல். டாக்டர் கையைக் கழுவினாலே சாவு குறையுதுன்னு 1847ல வியன்னாவுல செம்மல்வைஸ் காட்டினாரு. யாரும் கேக்கலை. 1867ல லிஸ்டர் கிருமிநாசினி முறையை வெளியிட்டாரு. மெதுவாக் கேக்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் ஒரே அலை. கழுவு, துடை, கொதிக்க வை. அந்த அலையில "முடி இருந்தா கிருமி இருக்கும், மழி"ங்கிறதும் சேர்ந்துக்கிச்சு. கை கழுவுறதுக்கு ஆதாரம் இருந்துச்சு. மழிக்கிறதுக்கு? யாரும் சோதிச்சே பார்க்கலை. பார்க்க சுத்தமாத் தெரிஞ்சுது, அவ்வளவுதான்.

சோதிச்சுப் பார்த்தது 1922ல. அமெரிக்காவுல ஜான்ஸ்டன், சிடால்னு ரெண்டு டாக்டருங்க, பிரசவத்துக்கு வந்த 389 பெண்களை மாத்தி மாத்திப் பிரிச்சாங்க. ஒருத்தருக்கு மழிப்பு, அடுத்தவருக்கு மழிப்பு இல்லாம கத்தரியால முடியைக் குட்டையா வெட்டினதோட சரி. காய்ச்சல் வந்த கணக்குல வித்தியாசம் இல்லை. மழிச்சதால ஒரு பிரயோஜனமும் இல்லை.

1922ங்க! அந்த வருஷமே இந்தக் கதை முடிஞ்சிருக்கணும். முடியலை.

1965ல அமெரிக்காவுலயே இன்னொரு சோதனை, 150 பெண்கள். அதே முடிவு. 2005ல தாய்லாந்துல 500 பெண்கள். அதே முடிவு. மூணையும் சேர்த்து 1039 பெண்களோட கணக்கை 2014ல காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு அலசுச்சு. மழிச்சதால தாய்க்கு நன்மைன்னு சொல்ல ஆதாரம் இல்லை. தொந்தரவு மட்டும் நிச்சயம்: சிவப்பு, மேலாப்புல கீறல், எரிச்சல், அரிப்பு. எங்க அக்கா சொன்ன பட்டியல் அப்படியே இருந்துச்சு. படிச்சப்ப ஒரு மாதிரி ஆயிடுச்சு.

பிரசவத்தை விடுங்க, ஆபரேஷனுக்கு? 1971ல செரோப்பியன், ரெய்னால்ட்ஸ்னு ரெண்டு பேரு 406 நோயாளிகளைப் பார்த்தாங்க. பிளேடால மழிச்சவங்கள்ல 5.6 சதவீதம் பேருக்குக் காயம் சீழ் பிடிச்சுது. கிரீம் போட்டு முடி எடுத்தவங்க, இல்லை முடியையே தொடாதவங்கள்ல 0.6 சதவீதம். ஏன்னா பிளேடு கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வெட்டு போடுது. அந்த வெட்டுதான் கிருமிக்கு வாசக்கதவு. அதாவது கிருமியைத் துரத்தணும்னு செஞ்சது, கிருமிக்கு வெத்தலை பாக்கு வச்ச கதையா ஆயிடுச்சு.

1985ல பிரேசில் நாட்டுல ஃபோர்ட்டலேசாங்கிற ஊர்ல உலக சுகாதார நிறுவனம் ஒரு மாநாடு நடத்துச்சு. பிரசவத்துக்கு முன்னாடி மழிக்கிறதுக்கும் எனிமாவுக்கும் எந்த அவசியமும் இல்லைன்னு அங்க அறிவிச்சாங்க. 1996 வழிகாட்டியில இன்னும் கறாரா, "தீமையானது அல்லது பயனற்றது, கைவிடணும்"ங்கிற பட்டியல்லயே சேர்த்துட்டாங்க. 2016ல ஆபரேஷனுக்கான வழிகாட்டி: முடியைத் தொடாதே, கட்டாயம்னா கிளிப்பரால வெட்டு, பிளேடு எப்பவுமே கூடாது. சுஸ்ருதர் சொன்ன "தேவைன்னா மட்டும் எடு"ங்கிற இடத்துக்கு ஒரு பெரிய சுத்து சுத்தி வந்துட்டாங்க பார்த்தீங்களா? 2018ல பிரசவத்துக்கும் வழக்கமா மழிக்கிறது வேண்டாம்னு மறுபடி எழுதினாங்க.

எங்க அக்காவைத் திட்டினது 2019ல. முதல் சோதனை வந்து 97 வருஷம் கழிச்சு.

அந்த நர்ஸம்மா மேல எனக்குக் கோவம் இருந்துச்சு, இப்ப கொஞ்சம் குறைஞ்சிருக்கு. அவங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருப்பாங்க. அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தவங்களுக்கும் அப்படித்தான். எங்க ஆபீஸ்லயும் இப்படி ஒரு ஸ்கிரிப்ட் ஓடிட்டு இருக்கும். எதுக்குன்னு யாருக்கும் தெரியாது, நிறுத்தவும் யாருக்கும் தைரியம் வராது. என்ன, எங்க ஸ்கிரிப்ட் யாரையும் கீறாது.

அதே வார்த்தை கடைக்குப் போச்சு

ஆஸ்பத்திரிக் கதை இப்படிப் போயிட்டு இருக்க, இன்னொரு பக்கம் வியாபாரம். 1915ல ஜில்லெட் பெண்களுக்குன்னு தனியா முதல் ரேசரை விட்டுச்சு. அப்ப அமெரிக்காவுல கையில்லாத சட்டை ஃபேஷன் வந்திருந்த நேரம். அதுவரைக்கும் பொம்பளைங்க அக்குள் முடியைப் பத்தி யாரும் கவலைப்படலை. விளம்பரம் வந்துதான் கவலையும் வந்துச்சு.

அப்புறம் நடந்தது கொடுமை. 1920கள்ல எக்ஸ்ரே கதிரால முடி எடுக்கிறோம்னு அமெரிக்காவுல கடை போட்டாங்க. வலியே இல்லைன்னு கூட்டம் கூடுச்சு. பல வருஷம் கழிச்சு அந்தப் பெண்களுக்குத் தோல் சுருங்கி, புண்ணு வந்து, புத்துநோய் வரைக்கும் போச்சு. 1930கள் தொடக்கத்துல கோரெம்லுன்னு ஒரு கிரீம். அதுல இருந்தது தாலியம், எலி விஷம். முடி கொட்டுச்சு. கூடவே நரம்பும் போச்சு. 1938ல அமெரிக்கா அழகுப் பொருள்களுக்கும் சட்டம் போட்டதுக்கு இந்த மாதிரிக் கேஸ்களும் ஒரு காரணம்.

இனி க்ளைமாக்ஸ். 1985ல ஃபோர்ட்டலேசாவுல "மழிக்க வேண்டாம்"னு அறிவிச்சாங்கன்னு சொன்னேன்ல? ரெண்டே வருஷத்துல, 1987ல, அதே பிரேசில்ல இருந்து போன ஏழு அக்கா தங்கச்சிங்க நியூயார்க்ல ஜே சிஸ்டர்ஸ்னு ஒரு பார்லர் திறந்தாங்க. ஏழு பேரு பேரும் ஜேயில தொடங்கும், அதான். முன்னாடி பின்னாடி முழுசா மெழுகு போட்டு எடுக்கிற "பிரேசிலியன் வேக்ஸ்" அமெரிக்காவுல பிரபலமானது அவங்களாலதான். 2000ல செக்ஸ் அண்ட் தி சிட்டி சீரியல்ல ஒரு எபிசோடுல அது வந்துச்சு. அதுக்கப்புறம் பத்திரிகை, சினிமா, அப்படியே கப்பலேறி மும்பை, பெங்களூரு, சென்னை, காரைக்குடி.

அமெரிக்காவுல 3316 பெண்கள்கிட்ட எடுத்த ஒரு சர்வே 2016ல வெளியாச்சு. 83.8 சதவீதம் பேரு அந்தரங்க முடியை ஏதோ ஒரு வகையில வெட்டுறாங்க, எடுக்கிறாங்க. ஏன்னு கேட்டா 59 சதவீதம் பேரு சொன்ன காரணம்: சுத்தம். டாக்டரைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடி செஞ்சுக்கிறோம்னு 40 சதவீதம் பேரு. டாக்டருங்க வேண்டாம்னு எழுதி வச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. இவங்க டாக்டருக்காகச் செஞ்சுக்கிறாங்க!

ஆக, நான் தேடின வரி கிடைச்சுது. மதத்துல ஒழுங்கா இருந்தது, வார்டுல ஆதாரமில்லாத விதியாச்சு. வார்டு கீழ போட்ட வார்த்தையை பார்லர் எடுத்துக்கிச்சு. கத்தி போயி பாகு வந்துச்சு, "நீ அழுக்கு"ங்கிற பயம் மட்டும் மாறவே இல்லை.

அப்ப வேண்டாமா?

அப்படிச் சொல்ல நான் யாரு? பிடிச்சிருந்தா பண்ணிக்கோங்க. வாத்ஸ்யாயனர் காலத்து ஆம்பளைங்க பண்ணிக்கிட்டாங்களே. பேன் தொல்லை குறையுதுன்னு 2006ல ஒரு மருத்துவ இதழ்ல சின்னதா ஒரு குறிப்புகூட வந்துச்சு. ஆனா சில விஷயம் தெரிஞ்சுட்டுப் பண்ணுங்க.

சர்க்கரை வியாதி கட்டுக்குள்ள இல்லாதவங்க ரொம்ப ஜாக்கிரதை. 2007ல ஆஸ்திரேலியாவுல இருந்து ஒரு கேஸ் பதிவாச்சு. 20 வயசுப் பொண்ணு, சர்க்கரை கட்டுக்குள்ள இல்லை, பிரேசிலியன் வேக்ஸ் பண்ணி ரெண்டு வாரத்துல உயிருக்கே ஆபத்தாகிற அளவு கிருமித்தொற்று. 2017ல வந்த இன்னொரு அமெரிக்க சர்வேயில, முடி எடுக்கிறவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு (25.6 சதவீதம்) எப்பவாவது ஒரு தடவையாவது காயம் பட்டிருக்கு. பாகோ மெழுகோ சூட்டை முதல்ல கையில பாருங்க. ஒருத்தருக்குப் போட்ட கட்டையைத் திரும்ப மெழுகுச் சட்டியில விடுறாங்களான்னு பாருங்க. விட்டா எந்திரிச்சு வந்துருங்க. முகப்பருவுக்கு ரெட்டினாய்டு மாத்திரை சாப்பிடுறவங்க வேக்சிங் பக்கமே போகாதீங்க, தோலும் சேர்ந்து வரும். ஆபரேஷன், பிரசவத்துக்கு முந்தின ராத்திரி வீட்டுல பிளேடு எடுக்காதீங்க. அதுதான் ரொம்ப மோசம்.

சித்தி பொண்ணுகிட்ட இது எல்லாத்தையும் ஒரு மணி நேரம் போன்ல சொன்னேன். "அக்கா, நான் ஆமாவா இல்லையான்னுதான் கேட்டேன்"னா. ஹி ஹி. "கட்டாயம் இல்லை, அழுக்கும் இல்லை. உனக்குப் பிடிச்சா பண்ணு"ன்னேன். அவ கடைசியில என்ன பண்ணினான்னு நான் கேக்கலை. அது அவ சொந்த விஷயம்.

2024ல அக்காவுக்கு ரெண்டாவது பிரசவம். வேற ஆஸ்பத்திரி. போறதுக்கு முன்னாடியே என்கிட்ட 2018 வழிகாட்டியோட அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கேட்டா. மடிச்சுப் பையில வச்சிருந்தா, சண்டைக்கே தயாரா. உள்ள போனதும் நர்ஸம்மாகிட்ட மெதுவா, "எனக்கு ஷேவிங் வேண்டாம்"னு ஆரம்பிச்சிருக்கா. அந்தம்மா பிரஷர் பார்த்துக்கிட்டே, "அதெல்லாம் இப்பப் பண்றதில்லைம்மா, நீ மூச்சை நல்லா இழுத்து விடு"ன்னாங்களாம்.

பேப்பர் பையிலயே இருந்துச்சு. பொம்பளைப் புள்ளை, மூணே கால் கிலோ. அப்பத்தாகிட்டப் போயிச் சொன்னேன், இந்தத் தடவை கத்தி கொடி அறுக்க மட்டுந்தான்னு. அது வெத்தலையைக் குதப்பிக்கிட்டே, "அதைத்தானடி நான் அன்னைக்கே சொன்னேன்"னுச்சு.

அக்கா, அம்மா, தங்கமணின்னு உங்க வீட்டுல யாருக்காவது நாள் நெருங்கிட்டு இருந்தா, ஆஸ்பத்திரியில முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டு வச்சுக்கோங்க. வெக்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. நான் இப்ப ஆணி புடுங்கப் போறேன். வர்ட்டா.